கூட்டாஞ்சோறு வீட்டின் நிலை

மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி ஒரு மண்பாதை பிரிகிறது. அந்தப் பாதை முடிகிற இடத்தில் ஒரு வீடு. அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பால்காரர் ஒருநாள் வண்டியை நிறுத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, அரிசி, பருப்பு, கத்தரிக்கா, முருங்கக்கீரை எல்லாத்தையும் ஒரே பானையில போட்ட மாதிரில்லா கிண்டி வச்சிருக்கிய” என்றார். அதோடு அதற்குக் கூட்டாஞ்சோறு வீடு என்று பெயர் விழுந்துவிட்டது. கட்டியவருக்கு அதில் கோபம் கிடையாது. “பிரியாணின்னு சொல்லாமப் போனானே. கூட்டாஞ்சோறுன்னா நம்ம ஊருச் சோறுல்லா” என்றார்.

அவர் வீடு இடிக்கிற மேஸ்திரி. கட்டுகிற மேஸ்திரிகள் தெருவுக்குத் தெரு உண்டு. தென்காசி வட்டாரத்தில் பக்கத்துச் சுவருக்குச் சேதமில்லாமல் ஒரு பழைய வீட்டை இறக்க வேண்டுமென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். எனக்கு ஒயரிங் வேலை. புது வீட்டுக்குக் கடைசியில் போகிறவன் நான். பழைய வீட்டை இடிக்கும்போது முதலில் போகிறவனும் நான்தான். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சுவருக்குள் ஓடுகிற ஒயரையெல்லாம் உருவி, உயிர் இல்லை என்று சொன்னால்தான் அவர் ஆட்கள் கடப்பாரையைத் தூக்குவார்கள். இப்படித்தான் எங்களுக்குள் பழக்கம்.

அவர் பேச ஆரம்பித்தால் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். “வீட்டைக் கட்டிப் பாருங்கான், கல்யாணம் பண்ணிப் பாருங்கான். இடிச்சுப் பாருன்னு எவனாவது சொல்லுதானா? இடிச்சாத்தாம்லே தெரியும், கட்டுனவன் எங்கன களவாண்டிருக்கான், எங்கன அழுதிருக்கான்னு” என்பார். களவாண்ட இடம் புரிகிறது, அழுத இடம் எப்படித் தெரியும் என்று கேட்டால், “அழுதவன் சுண்ணாம்பக் கூடப் போட்டிருப்பான்லே” என்பார். அதற்கு அர்த்தம் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

இடிக்கிற இடத்தில் விலைக்குப் போகிற சாமான் எல்லாம் வீட்டுக்காரருக்கு. யாரும் சீந்தாமல் கிடப்பது அவருக்கு. அப்படிச் சேர்ந்ததுதான் அந்த வீடு. ஓடு ஒரு பழைய அரிசி ஆலையிலிருந்து வந்தது. ஜன்னல் எல்லாம் குற்றாலத்தில் இடித்த ஒரு லாட்ஜுடையவை. கதவுகளும் அங்கிருந்துதான் என்பதால் குளியலறைக் கதவில் ரூம் நம்பர் தகடு அப்படியே இருந்தது. உள்ளே யாராவது இருந்தால், “ரூம் காலி இல்ல” என்று வெளியிலிருந்து சத்தம் கொடுப்பார். சமையலறையில் வெளிச்சத்துக்குப் பேருந்தின் முன்கண்ணாடி ஒன்றைப் படுக்கைவாட்டில் பதித்திருந்தார். அதன் மூலையில் பாதி கிழிந்த பிள்ளையார் படம். சீசனில் குளிக்க வருகிறவர்கள் எறிந்துவிட்டுப் போகிற எண்ணெய்ப் புட்டிகளைக் கழுவி, மேற்குச் சுவரில் வரிசையாக அடுக்கிச் சிமெண்ட் வைத்திருந்தார். சாயந்தர வெயில் அதில் விழுந்தால் தரையெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும். கூடத்துச் சுவரோரம் மூடிப்போன சினிமா கொட்டகையின் நாற்காலிகள், ஒன்றோடொன்று இரும்பால் பிணைத்தவை. போனால், “பால்கனி டிக்கெட்டு, உக்காரு” என்பார். வெளியே ஒரு இரும்புச் சுழல்படி. மாடியே இல்லாத வீட்டுக்கு எதற்கு மாடிப்படி என்று கேட்டேன். “துணி காயப் போடலாம். இல்லன்னா ஏறி நின்னு மேக்க மல பாக்கலாம். படி என்னலே கேக்குது, மாடி எங்கன்னா?” என்றார்.

ஆனால் இந்த வீடு அவர் ஆசையில் எழும்பியது இல்லை. அது மதினியின் ஆசை. அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். குற்றாலத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. இருவருக்கும் சாதி வேறு. மதினி தென்காசியில் பழைய நிலபுலம் உள்ள குடும்பத்துப் பெண். அவர் அந்தத் தெருவில் ஒரு வீட்டு வேலைக்கு வந்த ஆள். ஓடிப்போய்த்தான் கல்யாணம். பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு குடியிருந்தது எல்லாம் பின்கட்டு வீடுகள்தான். இன்ன ஆள் என்று விசாரித்துவிட்டு முன்வீடு கொடுக்க மாட்டார்கள். பின்னால் ஓர் அறை இருக்கும், அதற்குச் சாக்கடை ஓரமாக ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து வழியே போய் அந்தச் சந்து வழியே வந்து மதினிக்குத் தலை நரைத்துவிட்டது.

கட்டட வேலை தொடங்கிய சமயம் நான் குழாய் பதிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது மதினி என்னிடம் சொன்னார்: “உங்க அண்ணாச்சி பஸ்ஸு கண்ணாடிய வைக்கட்டும், பாட்டில வைக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல தம்பி. எனக்கு ஒரே ஒரு கொற. தலவாசல்னு ஒண்ணு வேணும். தெருவுல இருந்து நேரா ஏறி, ஏன்னு ஒருத்தன் கேக்காம, அது வழியா நான் வீட்டுக்குள்ள போணும். அவ்வளவுதான்.”

மேஸ்திரியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் கிடைத்ததைக் கொண்டு வைத்தார்; தலைவாசலுக்கு மட்டும் எது கிடைத்தாலும் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். வேப்பமரத்தில் ஒரு வாசல் நிலை கிடைத்தது, கடைசியில் கரையான் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். லாட்ஜ் நிலை இருந்தது, “கண்டவன் மிதிச்சது” என்றார். சுவர் எழும்பிவிட்டது. வாசல் மட்டும் ஓட்டையாக நின்றது. கொத்தனார் அலுத்துப்போய், “மாப்பிள்ள ரெடி, பொண்ணு ரெடி, தாலி மட்டும் கெடைக்கல” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்போதுதான் மதினியின் பிறந்த வீடு இடிப்புக்கு வந்தது.

அவருடைய அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே அண்ணன், இலத்தூர்ப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோய்விட்டார். தென்காசி வீட்டை ஒரு ஜவுளிக் கடைக்காரர் வாங்கி, சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்ட இடிக்கச் சொன்னார். யார் வீட்டு மருமகன் என்று அவருக்கு என்ன தெரியும், வேலை நம் மேஸ்திரியிடமே வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் வண்டியில் போகும்போது சொன்னார்: “மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போறேம்லே. கடப்பாரையோட.”

ஒயரை உருவ நான் முதலில் போனேன். திரும்பிப் பார்த்தால் அவர் தெருவிலேயே நிற்கிறார். ஆட்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் படியைத் தாண்டினார். இடிக்கிற வீட்டுக்குள் செருப்பில்லாமல் போகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆணியும் கண்ணாடியும் கிடக்கிற இடம். “எதுக்கு அண்ணாச்சி?” என்றேன். “மொதத் தடவ வாரேன்லா” என்றார்.

நல்ல தேக்கு நிலை அது. இரண்டு காலிலும் கொடி போல இழைப்பு, மேல்கட்டையில் தாமரை மொட்டு. கீழ்ப்படி மட்டும் நடுவில் பள்ளமாகத் தேய்ந்து, ஓர் ஓரத்தில் மாட்டு லாடம் ஒன்று அறைந்திருந்தது. படி தேய்ந்ததாலும் ஒரு கால் பிளந்திருந்ததாலும் பழைய மர வியாபாரி குறைத்துக் கேட்டான். கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நிலையை இவரே எடுத்துக்கொண்டார். சாக்குச் சுற்றி, பிள்ளையை ஏற்றுவதுபோல் மினி லாரியில் ஏற்றினார். வழியெல்லாம் அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தேன். “அவள அவ அப்பன் உள்ள விடல. போவட்டும். அந்த வாசலையே பேத்துக் கொண்டாந்துட்டேம் பாத்தியா. இனி எந்த அப்பன் தடுப்பான்?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நல்லது செய்கிறவனைக் காரணம் கேட்கிற பழக்கம் நமக்கு ஏது?

மதினி மெஸ் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், நல்ல நேரம் பார்த்து நிலையை வைத்தார்கள். கீழே நவதானியமும் ஒரு காசும் போட்டார் கொத்தனார். மஞ்சள் பூசி பொட்டு வைக்க வீட்டுக்காரியைத் தேடினார். “அவ சாயங்காலம் வந்து பாக்கட்டும், பாத்து மலைக்கட்டும்” என்றார் இவர். கொத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. “நில வைக்கும்போது வீட்டம்மா இல்லன்னா நல்லாவா இருக்கு” என்று முனகினார். கடைசியில் செங்கல் சுமக்கிற சித்தாள்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து மஞ்சள் பூசினாள்.

சாயங்காலம் மதினி மண்பாதையில் வந்தார். தோளில் பை, கையில் மெஸ்ஸில் மிஞ்சிய வடைப் பொட்டலம். நாங்கள் எல்லாரும் வேலை பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தோம். தூரத்திலிருந்து பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, தலைவாசல் வந்துவிட்டதே. வேகமாக வந்தார். படிக்கு முன்னால் செருப்பை உதறி வலதுகாலைத் தூக்கினார். தூக்கின கால் அப்படியே நின்றது. குனிந்து லாடத்தைப் பார்த்தார்.

“இது எங்க வீட்டு நிலைல்லா” என்றார்.

“ஒங்க வீட்டு நிலைதான். இப்ப நம்ம வீட்டு நில” என்றார் இவர்.

மதினி காலை எடுத்துப் பின்னால் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். வடைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு, தென்னந்தோப்பு வேலிக்கும் சுவருக்கும் நடுவில் குவித்துக் கிடந்த பழைய மரத்தையெல்லாம் தாண்டி, புறவாசல் வழியாக உள்ளே போனார்.

மேஸ்திரி பின்னாலேயே ஓடினார். சமையலறையில் பேச்சு நடந்தது, எங்களுக்கு முழுதும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. “சத்தியம் பண்ணிருக்கேன். அந்த நிலைய மிதிக்க மாட்டேம்னு. எங்க அம்ம மேல பண்ணிருக்கேன்.”

மேஸ்திரிக்கு அது புதுச் செய்தி. மாமனார், “இந்த நிலையத் தாண்டிப் போனா திரும்பி உள்ள கால் வைக்கப்பிடாது” என்று சொன்னது அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மதினி அதற்கு என்ன பதில் சொல்லிவிட்டு இறங்கினார் என்பது தெரியாது. இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தும் அது பேச்சில் வரவில்லை. விரட்டினதுதான் அவர் கணக்கில் இருந்தது. விரட்டப்பட்டவளும் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறாள் என்பது கணக்கில் இல்லை.

மறுநாள் கடப்பாரையை எடுத்தார். “பேத்து எறிஞ்சிருதேன். சவம், வேற மரமா கெடைக்காது” என்றார். மதினி சமையலறையிலிருந்து ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். உள்பக்கமாகத்தான் ஓடிவந்தார். “வச்ச நிலையப் பேத்தா வீட்டுத் தலைவனுக்கு ஆகாது. நீங்க என்ன தாலியறுக்கப் பாக்கியளா?” என்றார். கொத்தனாரும் தலையை ஆட்டினார். நவதானியம் போட்டு நிறுத்தின நிலை; மேலே சுவரும் ஏறியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. கல்யாணத்தைக்கூட ரத்துச் செய்வார்கள், வைத்த நிலையை எடுக்க மாட்டார்கள்.

ஆக, நிலை நின்றது. தலைவாசலுக்காக ஏங்கின பெண்பிள்ளை சொந்த வீட்டிலும் சந்து வழியாகவே போய்வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டி எடுக்கச் சொன்னார் அண்ணாச்சி. இலத்தூருக்கு, மச்சினன் வீட்டுக்கு. “சொன்ன அப்பன் வாய் மண்ணாப் போச்சு. மகன் வாய் இருக்குல்லா. அவன் வந்து, ஏட்டி உள்ள வான்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். பாலு காச்சுற அன்னைக்கு வரச் சொல்லுவோம்” என்றார். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டோம்.

அந்த அண்ணன்காரர் எங்களை உட்காரச் சொன்னார், காப்பியும் வந்தது. வயதானவர், சர்க்கரை நோயில் ஒரு கால் கட்டோடு இருந்தார். வந்த விஷயத்தை மேஸ்திரி சொல்லி முடித்ததும் கட்டுப் போட்ட காலை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“நாங்க அவள உள்ள விடலன்னு நெனச்சீரா?”

“ஆமா. ஒங்க அம்ம சாவுக்கு அவ தெருவுலதான நின்னா. நான் கூட நின்னேன், தெருக் கோடியில, கூட்டத்துக்கு அங்கிட்டு.”

“தெருவுலதான் நின்னா. எங்க அப்பா உள்ள இருந்து என்னய அனுப்புனாவ. கூட்டிட்டு வாலே, தாயப் பாத்துட்டுப் போட்டும்னாவ. நான் வெளிய வந்து அவ கையப் புடிச்சு இழுத்தேன். வரல. படி வரைக்கும் வந்துட்டு அப்பிடியே நின்னுட்டா. பொணத்தத் தூக்குத வரைக்கும் நின்னா. அதுக்கப்புறம் எங்க அப்பா ஒரு வாய்ச் சோறு ஒழுங்காத் திங்கல.”

மேஸ்திரி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வந்து ஒரு தடவ கூப்பிட்டா…”

“கூப்பிட்டாச்சுல்லா. அன்னைக்கே கூப்பிட்டாச்சு. ரெண்டாவது கூப்பிட எனக்கு வாய் இல்ல வே. அந்த நில இப்ப ஒம்ம பொருளு. வாங்குனவரு நீரு. கூப்பிட்டா நீருதான் கூப்பிடணும்.”

வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பழத்தைத் திருப்பிக் கொடுத்தார், சர்க்கரை இருக்கிறது என்று. அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி மதினியை உட்காரவைத்து எல்லாம் சொன்னார். நான் சுவிட்ச் பெட்டியைச் சுற்றிச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டு கூடத்திலேயே இருந்தேன். “நான் வாங்குனவன். என் பொருளு. நான் கூப்பிடுதேன், வா” என்று கேட்டார். கெஞ்சின மாதிரிதான் இருந்தது.

“நீங்க வாங்குனது மரம். சொல்லு வெலைக்கு வராது” என்றார் மதினி.  “அன்னைக்கு எங்கண்ணன் இழுக்கும்போது எனக்குக் காலு முன்னாலதான் போச்சு. உள்ள அம்ம கெடக்கா. மஞ்சத் துணி தெரியுது. அவ மேலதான சத்தியம் பண்ணேன், செத்துப் போனவ மேல சத்தியத்த ஒடைக்கப்பிடாதுன்னு நின்னுட்டேன். அம்மைக்கே மிதிக்காத படிய இப்ப பாலு காச்ச மிதிச்சேன்னு வைங்க. அப்ப அன்னைக்கு மட்டும் என்னத்துக்குட்டி நின்னன்னு அவ கேக்க மாட்டாளா? நான் என்ன சொல்லட்டும்?”

 எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிற மனுஷன். சினிமா நாற்காலியில் உட்கார்ந்து அந்த இரும்புக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் அன்றைக்குப் பட்டி பூசினதோடு சரி.

பால் காய்ச்சினார்கள். ஊரார் தலைவாசல் வழியாக வந்தார்கள், மதினி புறவாசல் வழியாகப் பால் சட்டியோடு வந்தார். பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் வாயை அடக்க முடியாமல், “சொந்த வீட்டுக்குள்ள களவாணி மாதிரி வாராளே” என்றாள். மதினி சிரித்துக்கொண்டே, “களவாணிக்குத்தான வழி நல்லாத் தெரியும் அக்கா” என்று காப்பி கொடுத்தார்.

அதன்பின் அந்த வீட்டின் வழக்கமே அதுதான். விடியற்காலம் மதினி புறவாசல் வழியே இறங்கி, சுற்றி வந்து, தலைவாசலில் தெளித்துக் கோலம் போடுவார். போட்டுவிட்டுத் திரும்பவும் சுற்றிக்கொண்டு போவார். மழையில் அந்தச் சந்து சேறாகிவிடும். அண்ணாச்சி அங்கே உடைந்த சலவைக்கல் துண்டுகளைப் பரப்பி நடைபாதை போட்டுக் கொடுத்தார். மரக்குவியலையும் எடுத்துவிடுகிறேன் என்றார். எடுக்கவில்லை; வீடு என்று இருந்தால் இன்னும் ஏதாவது கட்ட உதவும் என்று வைத்திருப்பார். அவரும் மெல்ல மெல்லத் தலைவாசல் வழியே போகிறதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால், “வண்டி பின்னாலல்லா நிக்கி” என்பார்.

நடுவில் ஒரு நாள் கழிவுப் பொருளில் கட்டின வீடு என்று கேள்விப்பட்டு இரண்டு இளைஞர்கள் காமிராவும் பறக்கிற டிரோனுமாக வந்தார்கள். யூடியூபில் போடப் போகிறார்களாம். புட்டிச் சுவரை எடுத்தார்கள், சுழல்படியில் அண்ணாச்சியை ஏற்றி எடுத்தார்கள். தேக்கு நிலையைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அம்மா, அப்படியே தெருவுல இருந்து நடந்து வந்து இந்த வாசல் வழியா உள்ள வாங்க. சும்மா இயல்பா” என்றார்கள்.

“அடுப்புல சோறு கெடக்கு” என்றார் மதினி.

“ஒரே ஒரு ஷாட்தாம்மா.”

“அவியள எடுங்க. வீடு கட்டுனது அவிய.”

வீடியோ வந்தது. என் போனிலும் பார்த்தேன். அண்ணாச்சி வாசலில் நின்று, “இந்த நில எங்க மாமனார் வீட்டு நிலை” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்கிறார். பையன்கள் அந்த இடத்தில் பாட்டுப் போட்டு மூடிவிட்டார்கள். கீழே நிறையப் பேர் கை தட்டுகிற படம் போட்டிருந்தார்கள்.

அவருக்கு இருமல் ஏற்கெனவே இருந்தது. சுண்ணாம்புத் தூசியிலேயே வாழ்ந்தவருக்கு இருமல் இல்லாமல் எப்படி? முதலில் சுழல்படி ஏற முடியவில்லை. பிறகு மண்பாதை முனை வரை நடக்க முடியவில்லை. நெஞ்சில் ஒட்டடை மாதிரி அப்பிக் கிடக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். “ஊரான் வீட்டையெல்லாம் இடிச்சேன். அவன் அவன் வீட்டுத் தூசிய எனக்குள்ள கட்டி வச்சிட்டுப் போயிருக்கான் பாத்தியா. வாடகையும் இல்ல” என்று என்னிடம் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்று மதினி என்னைக் கண்ணாலேயே அடக்குவார். பேச்சுக் கேட்கவென்றே போகிற வீட்டில் பேச வைக்காமல் உட்கார்ந்திருந்து வருவேன்.

போன ஆனியில், சாரல் பிடித்திருந்த ஒரு பகலில், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்த மேனிக்குப் போய்விட்டார்.

ஊர் வந்தது. அவர் ஆட்கள் வந்தார்கள், கடப்பாரை பிடித்துக் காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு மழையில் நின்றார்கள். அவர் தம்பி மகன் கொள்ளி வைப்பதாகப் பேச்சு. வாய்க்கரிசி போட்டார்கள், மதினியும் அழாமல் போட்டார். பாதை முனையில் கண்ணாடி வண்டி வந்து நின்றது. சேறாக இருந்ததால் அது வீடு வரை வரவில்லை. “மழ வலுக்குது, எடுங்கப்பா” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

தலைமாட்டில் ஒரு பக்கம் நான் பிடித்திருந்தேன். தேரை நிலையிலிருந்து கிளப்புகிறபோது முதல் அசைவில் ஒரு கனம் தெரியும் பாருங்கள், அப்படி இருந்தது. தலைவாசல் வழியாக வெளியே வந்தோம். பெண்கள் அழுதுகொண்டே பின்னால் வந்தார்கள். பாதை முனை வரைக்கும் பெண்கள் வருவார்கள், வண்டி கிளம்புகிறவரை பார்ப்பார்கள். அதுதான் அவர்களுக்குக் கடைசி.

படி இறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். மதினி கூட்டத்தோடு வாசல் வரை வந்தவர் நிலைக்கு உள்ளே நின்றுவிட்டார். இரண்டு கைகளும் நிலையின் இரண்டு கால்களையும் பிடித்திருந்தன. பின்னால் வந்த பெண்கள் அவரை இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒருத்தி, “வா மதினி, வந்து பாரு” என்று தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் கால் அசையவில்லை. அடுத்த கணம் திரும்பி உள்ளே ஓடினார்.

எங்கே ஓடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சமையலறை தாண்டி, புறவாசல், வேலிச் சந்து, அந்த மரக்குவியல். “பைய, பையப் போங்க” என்று சொன்னேன். கொட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. தோளில் சுமை, நின்று சொல்கிற இடமும் இல்லை. பின்னால் இருக்கிறவர்கள் தள்ளினால் முன்னால் இருக்கிறவன் நடக்கத்தான் வேண்டும். பாதை முனைக்கு வந்து வண்டிக்குள் ஏற்றினோம். “கொஞ்சம் பொறுங்க, வீட்டம்மா வருதாவ” என்று டிரைவரிடம் சொன்னேன். “வீட்டம்மா அங்கன நின்னு பாத்தாவளே” என்றார் அவர். மழைக்குக் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. கூட நடந்த ஆண்கள் எல்லாம் ஓட்டமும் நடையுமாகத் தார்ச்சாலைக்கு ஏறினோம்.

வளைவில் நான் திரும்பிப் பார்த்தேன். மண்பாதையில் மதினி வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு, சேலைக் கரையில் மரச் சிராய் மாட்டிக் கிழிந்து தொங்கியது. வண்டி நின்ற இடத்துக்கு வந்து, சக்கரத் தடத்தில் தண்ணீர் சேருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் போன் பண்ணினார். “தம்பி, சமயம் கெடைக்கும்போது வந்து முன்னால எரியுத பல்பக் கழத்திப் பொறவாசல்ல மாட்டிரு. அங்கன அது யாருக்கு எரியுது?”

போனேன். ஏணியை வைத்துக் கழற்றினேன். கீழே மதினி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், படிக்கு உள்ளே. நிலையின் ஒரு காலில் பழைய பிளவு பெரிதாகியிருந்தது. மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“மதினி, இனிமே யாருக்கு ஆகாதுன்னு பாக்கணும்? ஆள் ஒண்ணு கூட்டிட்டு வாரேன். இதப் பேத்து எடுத்துட்டு, ஒரு இரும்பு நிலைய வச்சிட்டுப் போறேன். நீங்க பாட்டுக்குத் தெருவுல எறங்கி நடக்கலாம்லா.”

அவர் அந்தப் பிளவைத் தடவிப் பார்த்தார்.

“அவிய வச்சதுல்லா தம்பி” என்றார்.

 புறவாசலுக்கு மேல் பல்பை மாட்டி, ஒயரைச் சுவரோரமாக இழுத்து ஆணி அடித்தேன். போட்டுப் பார்க்கத் தலைவாசல் பக்கம்தான் வர வேண்டியிருந்தது. சுவிட்ச் பெட்டி அங்கே, நிலைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது.

“சுவிட்சையும் பின்னால மாத்திரட்டுமா மதினி? ஒவ்வொரு தடவையும் இங்கன வரணுமே.”

“அது இருக்கட்டும்” என்றார். “உள்பக்கம்தான இருக்கு. அது வரைக்கும் நான் போவேன்.”